பொருளும் மனச்சாட்சியும்

பெரும் பாவத்துக்கு அஞ்சி விலகுவோர் உலகில் அநேகர். சிறு தவறுக்கு அஞ்சி விலகுவோரோ மிகச் சிலர். செல்வத்தை நாடிச் செல்லும் மனிதன் எந்த வழியாகத் தன்னை இழக்கின்றான் என்பதைப் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக், 1835ஆம் ஆண்டில் நூலுருப் பெற்ற ‘தந்தை கோரியோ’ என்னும் நாவலிற் காட்டியிருக்கின்றார்.

கதை நிகழும் காலம் 1819. பாரிஸ் நகரிலே மலிவான விடுதியொன்றில் தங்கிச் சட்டம் பயில்கின்றான் ரஸ்தின்யாக் என்னும் இளைஞன். நாட்டுப்புறத்தில் வாழும் அவன் குடும்பத்துக்கு ஆண்டு வருவாய் ஏறக்குறைய 3,000 பிராங்கு. அதில் 1,200 பிராங்கு அவனுக்கே செலவாகின்றது. அதே விடுதியில், குளிர்காய நெருப்புமற்ற அறையிலே வாழ்கின்றார் முதியவர் கோரியோ. அவர் முன்னாளிற் பெரிய மா வணிகர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தட்டுப்பாட்டில், வாங்கியதைவிடப் பத்து மடங்கு விலைக்கு மா விற்றுப் பொருள் குவித்தவர். அப்பொருளைச் சீதனமாகவும் பின்னர் கேட்டபோதெல்லாமும் இரு புதல்வியருக்கு ஈந்துவிட்டு வறியவரானார். சீமாட்டிகளாகிவிட்ட புதல்வியரோ தந்தையைப் பிறர் முன் ஏற்க நாணுகின்றனர்.

விடுதியில் மறைந்து வாழும் வோத்ரான் என்னும் குற்றவாளி, ரஸ்தின்யாக்கின் ஆசையை அறிந்து ஒரு பேரம் பேசுகின்றான். செல்வந்தனான தந்தையாற் கைவிடப்பட்ட பெண்ணொருத்தி அங்கே இருக்கின்றாள். அவளுடைய தமையன் இறந்தால் சொத்து முழுவதும் அவளைச் சேரும். அவனைக் கொல்விப்பது வோத்ரானின் பொறுப்பு. அவளை மணப்பது ரஸ்தின்யாக்கின் பொறுப்பு. தரகு 2 இலட்சம் பிராங்கு. இளைஞன் தடுமாறுகின்றான், ஆயினும் உடன்பட மறுக்கின்றான். கொலை நிகழ்ந்த பின்னரும் அச்செல்வத்தை அவன் தொடவில்லை.

அவன் தூயவனென்று இதனால் முடிவு செய்துவிடலாமா? உயர்குடியினரிடையே உலவுவதற்கு நல்லுடை வேண்டுமென்று, முன்பே அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தான். தாய் தன் நகைகளை விற்று 1,200 பிராங்கு அனுப்பினாள். தங்கையர் தம் சேமிப்பை அனுப்பினர். கடிதத்தைப் படித்து அவன் கண்ணீர் வடித்தான். பின்னர் தையற்காரனை அழைத்தான். கோரியோ மரணப் படுக்கையிற் கிடந்தபோது, இளைய மகள் நடன விருந்துக்குப் புறப்பட்டாள். அது தகாதென்பதை அவன் நன்கு அறிவான். அவள் அன்பை இழக்க மனமின்றி அவளுடனேயே சென்றான்.

கோரியோவின் இறுதி ஊர்வலத்துக்கு மருமக்களின் குலச்சின்னம் பொறித்த வண்டிகள் வந்தன. அவற்றுள் ஒருவருமில்லை. முதியவரை அடக்கஞ் செய்தவன் ரஸ்தின்யாக்கே. மாலைப் பொழுதில் கல்லறை மேட்டில் நின்று நகரத்தை நோக்கி அறைகூவுகின்றான். பின்னர் அந்த இளைய மகளின் வீட்டுக்கே உணவருந்தச் செல்கின்றான்.

பால்சாக் அவனைத் தண்டிக்கவில்லை. பிந்திய நாவல்களில் அவன் செல்வனாகவும் அமைச்சனாகவும் உயர்வதைக் காண்கின்றோம். கொலையை மறுத்த மனச்சாட்சி, ஒரு சட்டைக்கும் ஓர் இரவு விருந்துக்கும் இடங்கொடுத்தது. அவன் அடைந்தவற்றை உலகம் கண்டது. இழந்தது எதுவென அறிந்தவன் அவன் ஒருவனே. நாளடைவில் அதனை அவனும் மறந்திருக்கக்கூடும்.