நூறைத் தாண்டிய மதிப்பெண்: கைபேசிக் கேமரா தரவரிசையை நம்பலாமா?

(ஹனூரில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும் இவ்வூரில், சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் இளம் தோழர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். திருப்பூரில் ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த பணத்தில், வேலைத்தளத்தில் மேட்டாக இருக்கும் தம் அக்காவுக்கு அவர் கைபேசி வாங்க வேண்டும். "கேமரா தரவரிசையில் மூன்றாம் இடத்தில் உள்ளதை வாங்கலாமா, ஐந்தாம் இடத்தில் உள்ளதை வாங்கலாமா? இரண்டுக்கும் நான்காயிரம் ரூபாய் வித்தியாசம்" என்றார். அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. நான்காயிரம் ரூபாய் என்பது ஒரு கூலிக் குடும்பத்திற்குப் பல நாள் உழைப்பு. ஆகவே கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

கைபேசிக் கேமராக்களுக்கு மதிப்பெண் இடும் அமைப்புகளில் உலகெங்கும் அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது, பாரிஸ் நகரை ஒட்டிய புலோன்-பியான்கூரில் இயங்கும் டிஎக்ஸ்ஓமார்க். ஆய்வகத்தில் நிலையான ஒளியில் அட்டைகளைப் படமெடுத்தும், வெளியில் காட்சிகளைப் படமெடுத்தும், நிறம், நுணுக்கம், இரைச்சல், குவியம் எனத் தனித்தனியே அளந்து இறுதியில் ஓர் எண்ணைத் தருகிறார்கள். விளம்பரப் பலகையின் வெற்று வார்த்தைகளைவிட இது மேலானது. அளவீடு என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை.

ஆனால் அந்த இறுதி எண் எப்படிப் பிறக்கிறது? 2018 மார்ச்சில் ஹுவாவே நிறுவனத்தின் பி20 ப்ரோ 109 மதிப்பெண் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு நூற்றொன்பதா என்று பலர் வியந்தனர். அந்த அளவுகோலுக்கு நூறு என்ற உச்சவரம்பே கிடையாது. பள்ளிக்கூடத் தேர்வுத் தாளைப் பார்த்துப் பழகிய நம் கண்தான் அதை நூற்றுக்கு என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2017 செப்டம்பரில், தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் ஜூம், பின்னணியை மங்கலாக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துத் தேர்வுமுறையே மாற்றப்பட்டிருந்தது. மூன்று கேமராக்களோடு வந்த பி20 ப்ரோ இந்தப் புதிய பாடத்திட்டத்தில் முதலிடம் பெற்றது. ஜூமை ஒருநாளும் பயன்படுத்தாதவருக்கு அந்த மதிப்பெண்ணின் ஒரு பகுதி உதவாது.

பங்கீட்டின் சூட்சுமத்தை ஓர் எளிய கணக்கால் காட்டுகிறேன். முதல் கைபேசிக்குப் பகல் படத்தில் 90, இரவுப் படத்தில் 70 என்று கொள்வோம். இரண்டாவதற்குப் பகலில் 80, இரவில் 90. பகலுக்கு எழுபது பங்கும் இரவுக்கு முப்பது பங்கும் கொடுத்தால், முதலாவது 84, இரண்டாவது 83. பாதிக்குப் பாதி கொடுத்தால், முதலாவது 80, இரண்டாவது 85. கேமரா மாறவில்லை, படம் மாறவில்லை. பங்கு மாறியதும் வரிசை தலைகீழாகிவிட்டது. எதற்கு எத்தனை பங்கு என்பதைத் தீர்மானிப்பவரே முதலிடத்தையும் தீர்மானிக்கிறார். அந்தச் சூத்திரம் முழுமையாக வெளியிடப்படுவதும் இல்லை.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது?

வாங்குவோர் இத்தகைய தரவரிசையைக் காசு கொடுத்துப் படிப்பதில்லை. அப்படியானால் ஆய்வகம் எதைக் கொண்டு நடக்கிறது? கேமராக்களை அளக்கும் கருவிகளையும் மென்பொருளையும் ஆலோசனையையும் கைபேசித் தயாரிப்பாளர்களுக்கே விற்று நடக்கிறது. மதிப்பெண்ணுக்குப் பணம் வாங்குவதில்லை என்று அந்நிறுவனம் கூறுகிறது. அதைப் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஆசிரியரே தேர்வுத் தாளும் திருத்தி, அதே தேர்வுக்குத் தனிப்பயிற்சியும் நடத்தினால் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். கட்டணம் செலுத்திப் பயின்ற மாணவர், தேர்வில் எதற்கு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பார். அந்தத் தேர்வுக்கு ஏற்பத் தம்மைத் தயாரித்துக்கொள்வார்.

இது வெறும் ஊகமன்று. கேமராவில் 109 பெற்ற அதே பி20 ப்ரோவை, 2018 செப்டம்பரில் யுஎல் பெஞ்ச்மார்க்ஸ் என்ற மற்றோர் அமைப்பு தன் வேகத் தரவரிசையிலிருந்து நீக்கியது. தேர்வுச் செயலி இயங்குவதை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் முழு வேகத்தில் ஓடும்படி அந்நிறுவனத்தின் சில கைபேசிகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆய்வாளர் வருகிறார் என்றால் அன்றைக்கு மட்டும் நல்ல சோறு போடும் விடுதியைப் போன்றதுதான் இது.

விளம்பரப் படங்களின் கதை இன்னும் மோசம். 2012இல் நோக்கியா லூமியா 920 எடுத்ததாகக் காட்டப்பட்ட காணொளியில், கண்ணாடியில் தெரிந்த பிம்பம் தொழில்முறைக் கேமராவோடு நின்ற ஒளிப்பதிவாளரைக் காட்டிக்கொடுத்தது. 2016இல் ஹுவாவே தன் பி9 கைபேசியோடு சேர்த்து வெளியிட்ட படம், உண்மையில் கேனான் நிறுவனத்தின் விலையுயர்ந்த கேமராவில் எடுக்கப்பட்டது என்பது படத்தினுள் பதிந்திருந்த விவரத்தால் வெளிப்பட்டது. இரு நிறுவனங்களும் மன்னிப்புக் கேட்டன.

2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் கைபேசியால் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக வந்தன. நிலாவை இனங்கண்டு நுணுக்கங்களை மெருகேற்றும் செயற்கை நுண்ணறிவு கேமராவில் இயங்குகிறது என்று பின்னர் அந்நிறுவனமே விளக்கியது. இன்றைய கைபேசியில் வில்லையும் உணரியும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதியை மென்பொருள் செய்கிறது. அழகான படத்திற்கு அதிக மதிப்பெண் கொடுக்கும்போது, அது உண்மையான படமா என்ற கேள்வி விடுபட்டுவிடுகிறது.

மக்கள் வாக்களித்தால் சரியாகிவிடுமா?

நிபுணர்களை நம்பவேண்டாம், பயன்படுத்துவோரின் கருத்தை நம்பலாம் என்று சிலர் கூறலாம். அமெரிக்காவின் மார்க்கெஸ் பிரவுன்லீ என்ற காணொளியாளர், கைபேசியின் பெயரை மறைத்துப் படங்களை மட்டும் காட்டி மக்களை வாக்களிக்கச் செய்கிறார். 2022இல் இந்த முறையில் வென்றது, விலையில் பாதிகூட இல்லாத கூகுள் பிக்சல் 6ஏ. ஐபோன் 14 ப்ரோ அதற்குப் பின்னால் நின்றது. பெயரை மறைத்தால் விலையின் மயக்கம் கலைகிறது என்பது நல்ல பாடம். ஆனால் இதே சோதனைகள் மற்றொன்றையும் காட்டின: இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பெரும்பாலோர் வெளிச்சம் கூடிய படத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். நிறம் மெய்யாக இருக்கிறதா என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

இணைய அங்காடிகளின் நட்சத்திரக் குறிகளோ வேறு கதை. பொய் மதிப்புரைகள் பெருகியதால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது விருப்பத்தின்பேரில் பின்பற்றத்தக்கதாகவே கொண்டுவரப்பட்டது. கைபேசிகளைக் குறிப்பிட்ட தளத்தில் மட்டும் அறிமுகம் செய்வது, சில விற்பனையாளர்களைப் பட்டியலில் முன்னிறுத்துவது ஆகியவை குறித்து 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதைத் தடுக்கக் கோரிய மேல்முறையீட்டைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 ஜூலையில் தள்ளுபடி செய்தது. பட்டியலில் மேலே இருப்பதெல்லாம் தரத்தால் மேலே வந்ததன்று என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டியதில்லை.

யாருடைய முகம் அளவுகோல்?

தோழர்களே, நம்மை நேரடியாகத் தொடும் இடத்திற்கு வருகிறேன். பிலிம் காலத்தில் படத்தின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அவர் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி. கறுத்த முகங்கள் நிழலில் கரைந்தன. பிலிமைத் திருத்தும் வேலை முடுக்கம் பெற்றது, சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமானின் பழுப்பும் வேறுபடவில்லை என்று அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் முறையிட்ட பிறகே என்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மனிதரின் முறையீட்டுக்கு அசையாத சந்தை, சாக்லேட்டின் முறையீட்டுக்கு அசைந்தது.

கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதையே சிறப்பம்சமாகச் சொல்லிக் கூகுள் கைபேசி விற்றது 2021இல்தான். நம் சந்தையிலோ, முகத்தை நாம் கேளாமலேயே வெளுப்பாக்கித் தரும் முன்பக்கக் கேமராக்கள் 'அழகு' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கணிக்கும் வணிக மென்பொருள்கள் சோதிக்கப்பட்டன. வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை சென்றது. முகப்பதிவைக் காட்டித்தான் அங்கன்வாடியில் ஊட்டச்சத்துப் பொருள் பெறவேண்டும் என்ற நிலையில், இது அழகைப் பற்றிய பிரச்சினையாக இல்லை, உணவைப் பற்றியதாகிவிட்டது.

நம் வேலைத்தளத்தில்

இங்கே உத்யோக காத்ரி என்றும் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றும் அழைக்கப்படும் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை, இடக்குறிப்போடு, தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால் வேலை செய்த நாளுக்குக் கூலி இல்லை என்ற நிலை வந்தது. இதை எதிர்த்து அவ்வாண்டு தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். படத்தைப் படமெடுத்து ஏற்றும் மோசடிகள் நடப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. கேமரா வந்துவிட்டால் உண்மை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை அரசிடமும் பொய்த்தது.

இப்போது அந்த மேட் அக்காவை நினைத்துப் பாருங்கள். மலையோரத் தளத்தில், உச்சி வெயிலில், திரையே தெரியாத கண்கூச்சத்தில், முண்டாசு நிழல் விழுந்த இருபது முகங்களை அவர் ஒரே சட்டகத்தில் பிடிக்க வேண்டும். அவருக்குத் தேவையானவை: வெயிலில் தெரியும் திரை, மாலைவரை தாங்கும் பேட்டரி, இடத்தைச் சரியாகக் காட்டும் ஜிபிஎஸ், பலவீனமான சிக்னலையும் பிடிக்கும் திறன், நிறையாத சேமிப்பிடம். கேமரா தரவரிசையில் இவற்றுள் எதற்கும் மதிப்பெண் இல்லை. மூன்றாம் இடமா ஐந்தாம் இடமா என்பது அவர் கூலியைத் தீர்மானிக்கப் போவதில்லை.

என்ன செய்யலாம்?

தரவரிசையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. நான்கு கேள்விகள் கேட்டு வாசியுங்கள். சோதித்த கைபேசி கடையில் வாங்கியதா, நிறுவனம் அனுப்பியதா? சோதிப்பவருக்குப் பணம் யாரிடமிருந்து வருகிறது? எதை, எந்த ஒளியில், யாருடைய முகத்தைப் படமெடுத்தார்கள்? எதற்கு எத்தனை பங்கு கொடுத்தார்கள்? பதில் இல்லாத இடத்தில், இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசத்தைப் பூஜ்ஜியம் என்றே கொள்ளுங்கள். பெரிய இடைவெளியை மட்டும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூன் மாத வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. புகார் செய்ய 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

வேறுவிதமான சோதனையும் சாத்தியம் என்பதற்கு வரலாறு உண்டு. 1935இல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் ரிசர்ச் என்ற பொருள் சோதனை நிறுவனத்தில் தொழிற்சங்கம் அமைத்ததற்காக ஊழியர்கள் நீக்கப்பட்டனர், வேலைநிறுத்தம் வெடித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் 1936இல் தொடங்கியதே கன்ஸ்யூமர்ஸ் யூனியன். அதன் இதழ் விளம்பரம் வாங்குவதில்லை. பொருளைக் கடையில் சாதாரண வாடிக்கையாளராக வாங்கிச் சோதிக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பொருளின் தரத்தோடு அதைச் செய்த தொழிலாளரின் நிலைமையையும் எழுதியது. அதற்காகவே நாடாளுமன்றக் குழுவொன்றால் தேசவிரோதப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. 1954இல்தான் அப்பெயர் நீங்கியது. நம் மாநிலத்தில், கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஐபோன் பூட்டிய விஸ்ட்ரான் ஆலையில், 2020 டிசம்பர் 12 அன்று கூலிப் பாக்கிக்காகத் தொழிலாளர் கோபம் வெடித்தது. எந்தக் கேமரா தரவரிசையிலும் அதற்காக ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

நம்மால் ஆய்வகம் கட்ட முடியாது. ஆனால் இந்த அறையிலேயே பத்து வகைக் கைபேசிகள் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். உச்சி வெயிலில் சோளக்காட்டில் நிற்பவர், மாலையில் ஒற்றை விளக்கு எரியும் வீடு, ஓடும் குழந்தை, வேலை அட்டையின் சிறிய எழுத்து, கறுத்த முகமும் வெளிர்முகமும் சேர்ந்த ஒரு குழு என்று ஐந்து படங்கள். ஒரே நேரத்தில் எடுத்து, பெயரை மறைத்து, எண் மட்டும் இட்டு, ஒரே திரையில் பார்ப்போம். எது அழகு என்று கேட்க வேண்டாம். எது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, எழுத்தைப் படிக்க முடிகிறதா, எல்லோர் முகமும் தெரிகிறதா என்று கேட்போம்.

அந்த இளம் தோழருக்கு என் பதில் இதுதான்: ஞாயிறு வரை பொறுங்கள், அக்காவையும் அழைத்து வாருங்கள். அந்தக் கைபேசியைப் பிடிக்கப்போகும் கை அவருடையது. மதிப்பெண்ணையும் அவரே இடட்டும். பெரும்பாலும் அந்த நான்காயிரம் ரூபாய் உங்கள் வீட்டிலேயே இருக்கும் என்பது என் கணிப்பு.