இடுப்பிலும் குழந்தை, வயிற்றிலும் குழந்தை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தின் வரவு செலவைப் பற்றியும் தவணை பாக்கியைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கிவைத்து, நம் வீடுகளில் தினந்தோறும் நடந்துவரும் ஒரு காரியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். மறுபடியும் கருவுற்றிருக்கும் ஒரு தாய், இன்னும் கைக்குழந்தையாயிருக்கும் தன் மூத்த பிள்ளையை எவ்வாறு தூக்குவது, எவ்வாறு சுமப்பது, எப்பொழுது பிறர் கையில் கொடுப்பது என்பதே அவ்விஷயம்.

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பலர் கூடித் தாங்குவதே கூட்டுறவின் மூலாதாரம். 1904ஆம் வருஷத்தில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கம் ஏற்பட்டது அக்கொள்கையைக் கொண்டுதான். கடன் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொண்ட நாம், வீட்டிற்குள் இருக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொண்டோமா என்பதே என் கேள்வி.

இவ்விஷயத்தில் நம் ஊர்களில் இருவித அபிப்பிராயங்கள் வழங்கிவருகின்றன. “மூத்ததைத் தூக்கினால் கரு கலைந்துவிடும், தொடவே கூடாது” என்பார் ஒரு சாரார். “நாங்களெல்லாம் சுமக்கவில்லையா? பிரசவ வலி காணும் வரையில் களை பறித்தோம், தண்ணீர் சுமந்தோம்” என்பார் மற்றொரு சாரார். முதல் அபிப்பிராயத்தால் மூத்த பிள்ளை தாயின் அணைப்பை இழந்து சவலைப் பிள்ளையாகி ஏங்குகிறது. இரண்டாவதால் தாய் களைத்துப்போகிறாள். இரண்டையும் விட்டு, வைத்திய சாஸ்திரம் கூறுவதைக் கேட்போம்.

கர்ப்பத்தில் யாதொரு சிக்கலும் இல்லாத ஸ்திரீ, தன் குழந்தையை முறைப்படி தூக்குவதால் கரு கலைந்துவிடுவதில்லை. கருப்பையில் உள்ள சிசு நீரால் சூழப்பட்டு, மெத்தையில் வைத்த பண்டம்போல் பத்திரமாக இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை, கரு உருவாகும்போதே அதன் அமைப்பில் நேர்ந்துவிட்ட குறையினாலேயே கலைகின்றன. ஆகையால், கருவை இழந்து துக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, “நீ பிள்ளையைத் தூக்கினாய், அதனால்தான் போயிற்று” என்று சொல்வது உண்மைக்கும் மாறானது, தர்மத்திற்கும் மாறானது. அவ்வார்த்தை ஒரு தாயின் மனத்தை வாழ்நாள் முழுவதும் அரித்துவிடும். நம் அங்கத்தினர் வீடுகளில் அது இனி எழலாகாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கலாம் என்று அர்த்தமில்லை. பெரும் பாரங்களை நாளெல்லாம் திரும்பத் திரும்பத் தூக்குவோருக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும் அபாயம் ஓரளவு கூடக்கூடும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அன்றியும், கர்ப்ப காலத்தில் உடம்பு பல மாறுதல்களை அடைகிறது. பிரசவத்திற்கு வழிசெய்யும் பொருட்டு இடுப்பெலும்பின் கட்டுகள் தளர்கின்றன. வயிறு முன்தள்ளுவதால் முதுகு பின்வளைகிறது. உடம்பின் நிலைப்பு முன்பக்கமாக நகர்கிறது. வயிற்றுத் தசைகள் நீண்டு பலம் குறைகின்றன. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு மூட்டுகளில் வலி காண்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். சோகையினால் தலைசுற்றல் உண்டாகும். தலைசுற்றலோடு பிள்ளையைச் சுமந்து ஈரத்தரையில் நடந்தால் என்ன நேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவன். ஆதலால் ஒரு கணக்கும் சொல்லுகிறேன். ஒரு வயதுக் குழந்தையின் எடை சுமார் 9 கிலோ. இரண்டு வயதில் சுமார் 12 கிலோ. 10 கிலோ எடையுள்ள குழந்தையை ஒரு நாளில் 30 தடவை தூக்கினால், மொத்தம் 300 கிலோ ஆகிறது. அது 45 கிலோ யூரியா மூட்டைகள் ஆறுக்கும் மேல்! இதனுடன் 15 லிட்டர் குடத்தில் ஆறு குடம் தண்ணீர் சேர்ந்தால் இன்னும் 90 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ. இவையெல்லாம் ஒரே ஸ்திரீயின் பற்றில் எழுதப்பட்டால் அக்கணக்கு எப்படி நேராகும்?

2013ஆம் வருஷத்தில் அமெரிக்க தேசத்துத் தொழிற்சுகாதார ஆராய்ச்சியாளர்கள், சிக்கலற்ற கர்ப்பமுடையவர்கள் வேலையில் எவ்வளவு தூக்கலாம் என்று ஓர் அளவு வகுத்தார்கள். எப்போதாவது ஒரு தடவை, உடம்போடு ஒட்டித் தூக்குவதானால், முதல் 20 வாரங்களில் சுமார் 16 கிலோ வரையிலும், அதன்பின் சுமார் 12 கிலோ வரையிலும் தூக்கலாம் என்பது அவ்வளவு. அடிக்கடி தூக்க நேர்ந்தால் அளவு இன்னும் குறையும். தரையிலிருந்து தூக்குவதையும், தலைக்கு மேல் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். அதாவது, எடை மாத்திரம் முக்கியமன்று. எவ்விடத்திலிருந்து, எத்தனை தடவை, எவ்விதம் தூக்குகிறோம் என்பதும் முக்கியமாகும்.

இனித் தூக்கும் முறையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, தூக்காமலே காரியம் ஆகுமா என்று பாருங்கள். நடக்கக் கற்ற பிள்ளையைத் திண்ணையின் மேலோ கயிற்றுக் கட்டிலின் மேலோ தானே ஏறப் பழக்குங்கள். தாய் அதன் அருகில் நின்று அணைத்துக்கொண்டால், தரைமட்டும் குனிய வேண்டிய அவசியமில்லை. தூளியில் தூங்கும் பிள்ளையை எடுப்பதும் கிடத்துவதும் வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாவது, தரையிலிருந்து தூக்கியே தீரவேண்டுமானால், குழந்தையை நெருங்கி நின்று, ஒரு காலை முன்வைத்து, இடுப்பை வளைக்காமல் முழங்கால்களை மடக்குங்கள். முடிந்தால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்து, மூச்சை அடக்காமல் வெளியே விட்டுக்கொண்டு, கால்களின் பலத்தால் எழுந்திருங்கள். அருகில் சுவரோ கட்டிலோ இருந்தால் ஒரு கையை அதன்மேல் ஊன்றிக்கொள்வது நலம்.

மூன்றாவது, தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீர்கள். பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். ஒரு கையைப் பிடித்துப் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துத் தூக்குவதையும் விட்டுவிடுங்கள். அதனால் தாயின் முதுகு பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் முழங்கை மூட்டும் நழுவிவிடக்கூடும்.

நான்காவது, ஒரே இடுப்பில் நெடுநேரம் வைத்திராதீர்கள். பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது நேரமே சுமந்து, பின் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பில் வலி உள்ளவர்கள் பிள்ளையை இடுப்பில் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒரு பாரம். இடுப்பில் பிள்ளை இருக்கும்போது கையில் குடம் கூடாது. கிணற்றடி, குழாயடி, வயல் வரப்பு, மாடிப்படி ஆகிய இடங்களில் பிள்ளையோடு நடப்பது ஆபத்து. பஸ்ஸில் ஏறும்போது முதலில் பிள்ளையைப் பிறரிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பாதத்திற்குப் பொருந்திய, வழுக்காத செருப்பை அணியுங்கள்.

நிற்க. சிலர் வைத்தியர் அனுமதியின்றித் தூக்கவே கூடாது. உதிரப் போக்கு கண்டவர்கள், நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், கருப்பையின் வாய் பலமற்றது என்று அறியப்பட்டவர்கள், முன்பு குறைமாதத்தில் பிரசவித்தவர்கள், இரத்தக் கொதிப்பு உடையவர்கள் ஆகியோர், தங்களுக்கு எது தகும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணி வயிறு அடிபட விழுந்தாலும், உதிரமோ நீரோ கசிந்தாலும், மாதம் நிறையுமுன் வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தாலும், சிசுவின் அசைவு குறைந்தாலும், கடுந்தலைவலியுடன் கண் மங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அறுவைச் சிகிச்சையால் பிரசவித்தவர்கள், சுமார் 6 வாரங்கள் வரையில் பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. மூத்த பிள்ளை “அம்மா, தூக்கு” என்று கையை நீட்டும்போது, தாய் கட்டிலில் சாய்ந்திருக்க, மற்றொருவர் பிள்ளையை ஏற்றி அவள் பக்கத்தில் உட்கார்த்த வேண்டும். பிள்ளை கேட்பது உயரத்தை அல்ல, அணைப்பையே. அந்த அணைப்பைத் தாய் உட்கார்ந்தும் கொடுக்கலாம், படுத்தும் கொடுக்கலாம். கர்ப்ப காலத்திலேயே தகப்பனும் பாட்டியும் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்துப் பழக்கிவிட்டால், பிரசவத்திற்குப் பின் அது அதிகம் ஏங்காது.

இப்பொழுது ஆண்மக்களாகிய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது முதல் வேலையன்று. பிரிக்க வேண்டியவை தண்ணீர்க் குடமும், விறகுக் கட்டும், புல்லுக் கட்டும், சிலிண்டரும், அரிசி மூட்டையுமே. அவைகளை நீங்கள் சுமந்தால், அவள் தன் பிள்ளையைக் களைப்பின்றித் தூக்கிக் கொஞ்சமுடியும். மனைவிக்காகக் குடம் எடுத்தால் ஊரார் நகைப்பார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. இக்கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரும் நாளைக் காலையில் ஒரு குடம் எடுத்தால் நகைப்பதற்கு ஆள் எவர் இருப்பார்?

மாமியார்களாகிய தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மையே. அக்கஷ்டத்தை மருமகளும் பட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அது உங்களோடு ஒழிந்தது என்ற பெயரை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

முடிவாக, சங்கம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. சங்கம் நடத்தும் ரேஷன் கடையில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் வரிசையில் நிற்கவையாமல் முதலில் அனுப்பலாம். அவர்களுடைய அரிசியை இரண்டு சிறு பைகளாகக் கட்டிக் கொடுத்து, ஒன்றை வேறொருவர் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யலாம். பால் சங்கத்தில், ஒரு கையில் பால் தூக்கும் இடுப்பில் பிள்ளையுமாக விடியற்காலையில் வரும் தாய்மாருக்கு உட்கார ஒரு பெஞ்சு போடலாம். ஒரே தெருவிலுள்ளவர்கள் முறைவைத்து அவர்களுடைய பாலையும் சேர்த்துக் கொண்டுவரலாம். இவற்றிற்குச் செலவு அற்பம். பெஞ்சுக்கு ஆகும் பணத்தைப் பொதுநல நிதியிலிருந்து எடுக்க வழியுண்டா என்பதை விதிகளைப் பார்த்து நான் தெரிவிக்கிறேன்.

இம்மூன்றையும் இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அக்கிராசனர் அவர்கள் கையொப்பமிட வேண்டுமென்று பணிவுடன் பிரேரணை செய்கிறேன். அதை ஆமோதிக்கும் முதல் அங்கத்தினர், வீட்டில் கர்ப்பிணி உள்ள ஒருவராக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.