மண்ணைக் கேட்டபின் மானியம் கொடுங்கள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பசளையைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். எந்த நாளில் எவ்வளவு இடுவது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரருக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. பசளையின் பெயரால் அரசாங்கம் செய்ததையும் செய்யத் தவறியதையும் பற்றியே பேச வந்திருக்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பசளைக்குப் பணம் செலவிட்ட இந்நாடு, அப்பசளையை ஏற்கும் மண்ணிடம் ஒரு கேள்வியாவது கேட்டதுண்டா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

கொடுத்ததும் பறித்ததும்

1962 ஆம் ஆண்டிலே நெற்செய்கைக்குப் பசளை மானியம் தொடங்கிற்று. புதிய நெல்லினங்கள் வயல்களில் வேரூன்றுவதற்கு அது பெரிதும் துணை செய்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1990 இல் மானியம் நிறுத்தப்பட்டது. 1994 இல் திரும்பி வந்தது. 1997 இல் யூரியாவுக்கு மட்டுமே என்று சுருங்கிற்று. 2005 இன் பின் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2016 இல் மூடை போய்க் காசு வந்தது. 2018 இல் காசு போய் மூடை வந்தது. 2020 இல் நெல்லுக்கு இலவசம். 2021 மே மாதத்தில் இறக்குமதிக்கே தடை!

இம்மாற்றங்கள் தேர்தலைப் பார்த்து வந்தன. திறைசேரியைப் பார்த்து வந்தன. மண்ணைப் பார்த்து வந்த மாற்றம் ஒன்றையேனும் எவரும் காட்ட முடியுமா?

2019 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே, பத்தாண்டு காலத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று சொன்னவர் கோத்தாபய ராஜபக்ஷ அவர்கள். சனாதிபதியாகிய பின் அப் பத்தாண்டு வேலையை ஒரு வர்த்தமானியால் முடிக்க முற்பட்டார். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான நுண்ணுயிர்கள் உள்ளனவென்று நமது அதிகாரிகளே அதனை மறுத்தார்கள். கரையில் இறங்காத அந்தச் சரக்குக்காக ஏறக்குறைய 67 இலட்சம் டொலரைக் கொடுக்கவும் நேர்ந்தது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் பயிர் அமைச்சரவைத் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லையே! 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மெற்றிக் தொன் நெல் விளைந்த நாட்டில், அடுத்த பெரும்போகத்தில் விளைந்தது ஏறத்தாழ 19 இலட்சம் தொன் மட்டுமே.

பசளைத் தடை என்பது தெற்கிலுள்ள கமக்காரனுக்கு 2021 இல் புதிதாக இருக்கலாம். வடக்கிலுள்ளவனுக்கு அது புதிதன்று. 1990 முதல் போர்க்காலப் பொருளாதாரத் தடையிலே யூரியாவும் தடுக்கப்பட்ட பொருளாக இருந்தது. அன்று மாட்டெருவும் குழையும் கொண்டு நம் மக்கள் பயிரைக் காத்தார்கள். அந்தத் துன்பத்திலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்றோம். எருவும் குழையும் மண்ணைத் தாங்கும் என்பது ஒன்று. அவை மட்டும் ஒரு நாட்டின் பசியைத் தீர்க்கப் போதா என்பது மற்றொன்று.

கணக்கைப் பார்ப்போம்

50 கிலோ யூரியாவிலே 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் இருப்பதாகக் கொண்டாலும், அதே 23 கிலோவைப் பெற ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். ஒரு மூடைக்கு ஒன்றரைத் தொன் என்றால், நாடு முழுவதற்கும் ஒரே போகத்தில் எங்கே போவது?

ஆகவே கூட்டெரு வீண் என்று முடிவு செய்துவிடாதீர்கள். யூரியா பயிருக்கு உணவு; கூட்டெருவோ மண்ணுக்கு உணவு. நமது வரண்ட பிரதேசத்தின் வெயிலிலே மண்ணிலுள்ள சேதனப் பொருள் விரைவாக உக்கி அழிகின்றது. அது குறைந்த மண் நீரையும் பிடித்து வைக்காது, இட்ட பசளையையும் பிடித்து வைக்காது. அத்தகைய மண்ணில் மேலும் மேலும் யூரியா இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலாகும்.

நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் அளவோடு சேர்ந்தாலன்றிப் பயிர் செழிக்காது. நைதரசன் மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகக் கண்ணுக்கு அழகாயிருக்கும். கதிர் முற்றும் வேளையில் சாய்ந்துவிடும். கபிலத் தத்தியும் எரிபந்த நோயும் அத்தகைய வயலையே விரும்பி வரும். பொசுபரசின் இயல்பு வேறு. யூரியாவைப் போல அது எளிதில் கரைந்தோடாது, மண்ணிலேயே தங்கும். பல ஆண்டுகளாக ரி.எஸ்.பி. இட்ட வயலிலே, ஒரு போகம் அதனைக் குறைத்தாலும் விளைவு குறையாதிருக்கலாம். எந்த வயலில் குறைக்கலாம், எந்த வயலில் கூடாது என்பதைச் சொல்லவல்லது மண் பரிசோதனை ஒன்றே. பொட்டாசியமோ பெரும்பாலும் வைக்கோலில் தங்குகின்றது. ஒரு தொன் வைக்கோலிலே ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம் உண்டு. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறவர், அதிலுள்ள நைதரசனையும் சேதனப் பொருளையும் புகையாக்கி விட்டு, அடுத்த போகத்துக்குப் பசளை வாங்கக் கடன் கேட்டுப் போகிறார்.

கிணற்றிலே சேர்ந்த கடன்

நான் வயலில்லாதவன், உத்தியோகம் பார்ப்பவன், எனக்கென்ன என்று இங்கே எவரேனும் எண்ணக்கூடும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் செம்பாட்டு மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்குகின்றது. அதனையே தோட்டத்துக்கு இறைக்கிறோம், அதனையே குடிக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இட்ட நைதரசன், நைத்திரேற்றாகி அந்த நீரிலே கலக்கின்றது. மலசலகூடக் குழிகளும் அதற்குத் துணை போகின்றன. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டுகின்றன என்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வருகிறார்கள். அந்நீரிலே பால்மாவைக் கரைத்துப் பருக்கினால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமையை இழக்கும். தோட்டக்காரர் வீட்டுக் கிணறு, ஆசிரியர் வீட்டுக் கிணறு என்று நிலத்தடி நீர் பிரித்துப் பார்ப்பதில்லை.

அயல்நாட்டுப் பாடம்

இந்தியாவிலே 2015 ஆம் ஆண்டு மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. மண்ணின் பன்னிரண்டு குணங்களைச் சோதித்து, இன்ன பயிருக்கு இன்ன பசளை என்று கமக்காரர் கையில் எழுதிக் கொடுப்பது அதன் நோக்கம். நல்ல திட்டமே. ஆயினும் அங்கே ஒரு முரண்பாடும் உண்டு. 2010 இல் மற்றப் பசளைகளின் மானியத்தை ஊட்டச்சத்தின் அளவுக்கேற்ப மாற்றியவர்கள் யூரியாவை மட்டும் பழைய மலிவு விலையிலேயே விட்டுவைத்தார்கள். அட்டை ஒன்றைச் சொல்கிறது. கடையின் விலை வேறொன்றைச் சொல்கிறது. கையில் பணம் குறைந்த கமக்காரன் எதைக் கேட்பான்? விலையைத்தானே கேட்பான்! பரிசோதனையும் மானியமும் ஒரே திசையில் இழுக்காவிட்டால் வண்டில் நகராது.

நாம் கேட்பது என்ன?

நமது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் எல்லைக்குள்ளும் மண் பரிசோதனை வசதி வேண்டும். விதைப்புக்கு முன்னரே அதன் முடிவு கமக்காரர் கைக்கு வரல் வேண்டும். கதிர் வந்த பின் வரும் அறிக்கை யாருக்குப் பயன்? இரண்டாவது, மானியம் வயலுக்கு வேண்டியதைத் தழுவிக் கொடுக்கப்படல் வேண்டும். பொட்டாசியம் குறைந்த வயலுக்குப் பொட்டாசியத்தை வாங்கவும், சேதனப் பொருள் குறைந்த வயலுக்கு எருவை வாங்கவும் அந்தப் பணம் உதவ வேண்டும். அதுவும் விதைப்புக்கு முன்னர் வந்து சேர வேண்டும். மூன்றாவது, விவசாயப் போதனாசிரியருக்குப் படிவம் நிரப்பும் வேலையைக் குறைத்து, வயல் வரம்பில் நிற்கும் நேரத்தைக் கூட்டல் வேண்டும். இறக்குமதி கொழும்பின் கையிலும் போதனை மாகாணத்தின் கையிலும் இருக்கின்றன. கொழும்பு முடிவெடுக்கு முன் மாகாணத்தைக் கேட்கும் முறை அமைய வேண்டும். செம்பாட்டுத் தோட்டத்துக்கும் வன்னிக் குளத்து வயலுக்கும் ஒரே கட்டளை எப்படிப் பொருந்தும்? நான்காவது, தோட்ட மண்ணைச் சோதிக்கும்போதே அத் தோட்டக் கிணற்றின் நீரையும் சோதித்துச் சொல்லுதல் வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை நாம் கைகட்டி இருக்கலாமா? கூடாது. பசளை இடுமுன், வயலின் எட்டுப் பத்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கமக்காரர் அமைப்பினூடாக ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்புங்கள். நம் முன்னோர் தோட்டத்தில் பூவரசங் குழை தாழ்த்ததும் மாட்டுப்பட்டி அடைத்ததும் அறியாமையினாலன்று. அதனை விட்டதற்கு யூரியாவின் மலிவு ஒரு காரணமானால், யூரியா விலையேறிய இந்நாளில் அதனை மீண்டும் எடுக்கத் தடை என்ன?

படித்த நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூட அறிக்கையைக் கமக்காரருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கிணற்று நீரின் அளவை எழுதி ஊர்ச் சபையின் முன் வையுங்கள். மனுக்களை எழுதவேண்டிய கை உங்களுடையது.

அரசாங்கங்கள் வரும், போகும். இலவசமும் வரும், தடையும் வரும். நம் பிள்ளைகளுக்கு எஞ்சப்போவது இந்த மண்ணும் இந்தக் கிணறுமே. அவற்றைச் சோதித்தறியாமல் இனி எவர் கட்டளையிட்டாலும், முதலில் மண்ணைக் கேளுங்கள் என்று ஒருமித்துச் சொல்லுவோமாக!