கொலியூரின் மூன்று சாளரங்கள்



ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு திரும்பும் ஓவியர் பலரின் கித்தான்களில் தவறாது இடம்பெறும் காட்சி ஒன்றுண்டு. நீர்க்கரையில் வரிசையாக வண்ண வண்ண வீடுகள். அவற்றின் முன்னே அசையும் படகுகள். நீரில் நடுங்கும் அவற்றின் பிம்பங்கள். வெனிஸ் நகருக்கு அருகிலுள்ள புரானோ தீவும், இத்தாலியக் கடற்கரையின் போர்ட்டோஃபினோவும், கோபன்ஹேகன் நகரின் நீஹாவ்ன் கரையும் இவ்வாறு எண்ணற்ற முறை தீட்டப்பட்டவை. நீஹாவ்ன் பதினேழாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய்த்துறை. சிறுவர் கதைகளால் உலகறிந்த ஆன்டர்சன் அக்கரை வீடுகளில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தவர். இவ்வூர்கள் எல்லாவற்றிலும் ஓவியருக்கு ஒரு வசதி உண்டு. வண்ணத்தை வீட்டுக்காரரே சுவரில் பூசி வைத்திருக்கிறார். அதைக் கித்தானுக்குப் பெயர்த்துவிட்டால் கண்ணுக்கினிய படம் கிடைத்துவிடும். பயணக் கவிதைகளுக்கும் இத்தகைய வசதி உண்டென்பதைக் கவிஞர் நிறைந்த இவ்வவை அறியும்.

ஊர் தராத வண்ணத்தை ஓவியர் எங்கிருந்து பெறுகிறார் என்பதே கடினமான வினா. அதற்கு விடை தேடப் பல ஊர்களைச் சுற்ற வேண்டுவதில்லை. ஒரே ஊர் போதும்.

பிரெஞ்சு நாட்டின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் இறங்குமிடத்தில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிக் கொலியூர் என்றொரு சிறு துறைமுகம் உள்ளது. பெயரின் ஈற்றில் 'ஊர்' என ஒலிப்பது தற்செயல்; அதைக்கொண்டு எவரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா. கற்றலான் மொழி வழங்கிய மண் அது. நெத்திலி பிடித்து உப்பிட்டு விற்பதே அங்குள்ளோரின் பழந்தொழில். கடலுக்குள் கால் நனைத்து நிற்பதுபோல ஒரு தேவாலயம். முற்காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட கோபுரம் ஒன்று அதனருகே எழுந்து நிற்கும். பழைய கோட்டையொன்று துறைக்குக் காவலாக அமைந்துள்ளது.

1905ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆன்றி மத்தீஸ் இவ்வூருக்கு வந்தார். வயது முப்பத்தைந்து, மனைவி, மக்கள், போதாத வருவாய் என்னும் சுமைகளோடு வந்தவர். பிரான்சின் வடகோடியில், வானம் பெரும்பாலும் சாம்பல் பூத்திருக்கும் நெசவுத் தொழில் வட்டாரத்தில் வளர்ந்தவர். ஜூலை மாதத்தில் அவரது அழைப்பை ஏற்று ஆந்த்ரே தெரேன் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து; கட்டாயப் படைப்பணியிலிருந்து விடுபட்டு ஓராண்டு கூட நிறையாத இளைஞர்.

மத்தீஸுக்கு அதற்கு முந்தைய கோடை வேறொரு துறைமுகத்தில் கழிந்திருந்தது. பால் சின்யாக் என்னும் ஓவியர் தம் பாய்மரப் படகில் 1892இல் சேன்-ட்ரோபே வந்தடைந்து, அங்கேயே வீடும் அமைத்துக்கொண்டவர். துறைமுகங்களின் மீது அவருக்கிருந்த பற்று முதுமையிலும் தணியவில்லை; 1929 முதல் 1931 வரை பிரான்சின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று நீர்வண்ணத்தில் தீட்டினார். தூய வண்ணங்களைத் தட்டில் கலவாது, சிறுசிறு புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவரின் கண்ணிலேயே கலக்கச் செய்வது அவர் முறை. 1904இல் மத்தீஸ் அவரிடம் தங்கி அம்முறையைப் பயின்றார். அதன் விளைவாக எழுந்த பெரிய ஓவியத்திற்கு அவர் இட்ட பெயர், பொதலேரின் 'பயணத்திற்கு அழைப்பு' என்னும் கவிதையின் பல்லவியிலிருந்து எடுக்கப்பட்டது. கால்வாய்களில் உறங்கும் கப்பல்களும் அந்திப்பொன்னில் மூழ்கிய நகரும் வரும் கவிதை அது. நவீன ஓவியத்தின் இந்தத் திருப்பத்தில் ஒரு கவிதை உடன் நின்றது என்பதைக் கவிஞர்கள் சற்றே பெருமிதத்துடன் நினைத்துக்கொள்ளலாம். சின்யாக் அவ்வோவியத்தை வாங்கினார். ஆனால் மாணவர் அப்பள்ளியில் நிலைக்கவில்லை. புள்ளிகளின் கணக்கு அவரை இறுக்கியது. யாப்பைக் கற்றவனே யாப்பின் தளையையும் உணர்வான்.

கொலியூரில் அத்தளை கழன்றது. அங்கிருந்து நண்பர் விளாமிங்குக்கு எழுதிய மடலில், ஒளியைப் பற்றிப் புதியதோர் அறிவு தமக்குக் கிட்டியதாகத் தெரேன் குறிப்பிட்டார். அத்துணை வலிய வெயிலில் நிழலும் ஒளியுடையது; நிழல் என்பது இருளன்று, அதுவே தெளிவும் பிரகாசமும் கொண்ட தனியுலகம் என்பது அவர் கண்ட உண்மை. இதன் பொருள் சிறிதன்று. நிழலைக் கரும்பழுப்பில் தீட்டிப் பொருளுக்குத் திரட்சி தருவது நூற்றாண்டுகளாக வழங்கிய மரபு. நிழலே ஒளியானால், நிழலுக்கு நீலம் வைக்கலாம், ஊதா வைக்கலாம், பச்சையும் வைக்கலாம். தெரேனின் படகுகள் செம்மணலில் நிற்கின்றன. அவருடைய மலைகள் குங்குமச் சிவப்பாகவும் கத்தரிப்பூ நிறமாகவும் எழுகின்றன. மத்தீஸின் 'கொலியூரின் கூரைகள்' இன்று சேன்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கூரைகளின் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலவாத திட்டுகளாக விழுந்து, இடையிடையே கித்தானின் வெண்மையும் தெரிய நிற்பதை அதில் காணலாம்.

அக்கோடையின் உச்சம் 'திறந்த சாளரம்' என்னும் ஓவியம். உயரம் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர், அகலம் 46 சென்டிமீட்டர். சிறிய ஓவியந்தான். இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. துறையை நோக்கிய ஓர் அறை. சாளரக் கதவுகள் உட்புறமாக விரியத் திறந்திருக்கின்றன. ஒருபுறச் சுவர் மயிற்பச்சை. மறுபுறம் செந்தாமரையின் சிவப்பு. ஒரே அறையில் எதிரெதிரே இரு நிறச் சுவர்கள். சாளரத்தின் அடியில் பூந்தொட்டிகள்; அப்பால் படகுகள். பாய்மரங்கள் செம்மஞ்சள், படகின் உடல்கள் நீலம், கடலோ இளஞ்சிவப்பு! கொலியூர்க் கடல் இளஞ்சிவப்புக் கடலன்று. அவ்வூர் மீனவர் எவரும் அத்தகைய நீரில் வலை வீசியதில்லை. ஆயினும் அப்படத்தின் முன் நிற்பவர், காலையில் சாளரத்தைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் வெளிச்சத்தையும், உப்புக்காற்றையும், அந்நேரத்தில் காரணமின்றி எழும் மகிழ்ச்சியையும் உணர்கிறார். சுவர்களின் நிறத்தை எடுத்துத்தந்தது சுண்ணாம்புக்காரர் அல்லர். வடபுலத்துக் குளிரிலிருந்து வந்து, கடன் கவலைக்கிடையில் முதன்முறையாக நெஞ்சு திறந்த ஒரு மனிதர்.

தமிழ்க் கவிமரபில் ஊறியவர்க்கு இது வியப்பளிக்காது. நெய்தல் நிலத்துக் கழியும் கானலும் புன்னையும் கருப்பொருள்களே. அவற்றை உயிர்ப்பிப்பது இரங்கல் என்னும் உரிப்பொருள். தலைவன் உடனிருக்கையில் இனித்த அதே கடற்கரை, அவன் பிரிந்த மாலையில் வருத்தும் நிலமாகிறது. நிலம் மாறவில்லை, நெஞ்சம் மாறியது. சங்கப் புலவரை மத்தீஸ் அறிந்திருக்க வழியில்லை. அறியாமலே ஒரே வாயிலை வந்தடைந்தார் என்பதுதான் சுவை.

1905 அக்டோபரில் இவ்வோவியங்கள் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியின் ஏழாம் அறையில் வைக்கப்பட்டன. நடுவில் மறுமலர்ச்சிக்கால முறையில் அமைந்த ஒரு மார்பளவுச் சிலை. சுற்றிலும் இந்த வண்ண ஆரவாரம். கொடிய விலங்குகளுக்கிடையே தொனாத்தெல்லோ அகப்பட்டுக்கொண்டார் என்று லூயி வோசெல் என்னும் திறனாய்வாளர் நகைத்தெழுதினார். பழிப்பே பட்டமாயிற்று, 'கொடுவிலங்கினர்' என்றே கலைவரலாறு அவர்களை அழைக்கிறது. திறனாய்வாளர்கள் தம் ஏளனங்களைச் சற்று எண்ணிப்பார்த்து வெளியிடுவது நலம்.

தெரேனின் பயணம் அத்துடன் நிற்கவில்லை. அம்பிருவாஸ் வோலார் என்னும் ஓவிய வணிகர் அவரை 1906இல் இலண்டனுக்கு அனுப்பினார். முதியவர் மோனே தேம்ஸ் ஆற்றைப் பனிமூட்டத்தில் மிதக்கவிட்டுத் தீட்டிய முப்பத்தேழு ஓவியங்கள் 1904இல் பாரிஸில் பெரும் வெற்றி பெற்றிருந்தன. வணிகரின் கணக்கு விளங்குகிறது. ஆனால் இளைஞர் மூட்டத்தை விலக்கிவிட்டார். இலண்டன் பாலத்திலிருந்து கீழே நோக்கும் 'இலண்டன் துறை' என்னும் ஓவியத்தில், சரக்கிறக்கும் கப்பல்கள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக நெருங்கி நிற்கின்றன. தொலைவில் டவர் பாலம். கரிப்புகை கவிந்த தொழில் நகரத்துக்குக் கொலியூரின் வெயிலைத் தம் தூரிகையில் சுமந்து சென்றார் எனலாம். இலண்டன் ஓவியங்கள் அழகியவை. ஆயினும் சிலவற்றில் வண்ணம் உள்ளத்திலிருந்து எழாமல் பழக்கத்திலிருந்து எழுகிறதோ என்ற ஐயம் தோன்றாமலில்லை. ஒருமுறை கைகொடுத்த உத்தியை மறுமுறை நாடுவதில் உள்ள இடர் கவிஞர்க்கும் பொதுவானதே.

இனி இரண்டாம் சாளரம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. தெரேன் படையில் சேர்க்கப்பட்டார். நாற்பத்துநான்கு வயதான மத்தீஸ் படைக்குச் செல்ல முன்வந்தும் ஏற்கப்படவில்லை. அவருடைய முதிய தாய் வடக்கே ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதியில் அகப்பட்டிருந்தார். உடன்பிறந்தவரைப் பகைவர் பிணையாகக் கொண்டுசென்றனர். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மத்தீஸ் குடும்பத்துடன் மீண்டும் கொலியூர் வந்தார். அதே ஊர், அதே கடல், மீண்டும் ஒரு சாளரம். இம்முறை பெரிய கித்தான். இருபுறமும் நீலம், சாம்பல், மங்கிய பச்சை எனச் செங்குத்தான பட்டைகள். கீழே சிறிது தரை. நடுவே, படகுகளும் பூந்தொட்டிகளும் இளஞ்சிவப்புக் கடலும் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கருமை. கூர்ந்து நோக்குவோர்க்கு அக்கருமைக்கு அடியில் மாடக் கிராதியின் கோடுகளும் மரங்களின் சாயலும் தெரிகின்றன. காட்சியை அவர் முதலில் தீட்டியே இருக்கிறார். பிறகு அதன் மேல் கறுப்பைப் பூசிவிட்டார்.

இவ்வோவியம் முற்றுப்பெற்றதா, பாதியில் விடப்பட்டதா என்று அறிஞர் வாதிடுவர். மத்தீஸ் அதில் கையொப்பமிடவில்லை; தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவுமில்லை. அவர் 1954இல் மறைந்த பின்னர், 1966இல்தான் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று பாரிஸ் பாம்பிடு மையத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. முற்றுப்பெற்றதோ இல்லையோ, அதனைத் தீட்டியவர் அழித்தெறியாமல் வைத்திருந்தார் என்பதே போதிய சான்று. வெயிலுள்ள ஊரில் அமர்ந்து வெயிலைத் தீட்ட இயலாத நாள் அவருக்கு வந்தது. வந்ததை மறைத்து, பழைய இளஞ்சிவப்பை மீண்டும் எடுத்துப் பூசிக்காட்ட அவர் முனையவில்லை. வாங்குவோர் அதைத்தான் விரும்பியிருப்பர். 1905இன் சாளரத்தை நம்பத் தோன்றுவது 1914இன் சாளரமும் இருப்பதால்தான்.

மூன்றாம் சாளரம் ஓவியத்தில் இல்லை. அதை நோக்கியவர் ஒரு கவிஞர்.

1939 ஜனவரி இறுதியில், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைகள் தோற்றுப் பார்சிலோனா வீழ்ந்த நாட்களில், இலட்சக்கணக்கானோர் பிரெஞ்சு எல்லையை நோக்கி நடந்தனர். அவர்களுள் அந்தோனியோ மச்சாதோவும் ஒருவர். அறுபத்துமூன்று வயது, நெஞ்சுநோய், உடன் எண்பதைக் கடந்த தாயும், தம்பி ஹோசேயும் அவர் மனைவியும். கைப்பெட்டியை வழியில் விட்டுவர நேர்ந்தது. மழையில் நனைந்து கொலியூர் வந்து, ஒரு சிறு விடுதியில் தங்கினர். இவரும் எல்லை கடந்தே அத்துறைமுகத்துக்கு வந்தவர். ஆனால் பயணத்தைத் தேர்ந்தவர் அல்லர்.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் தம்பியுடன் கடற்கரைக்குச் சென்றதைத் தம்பி பிற்காலத்தில் எழுதி வைத்தார். மணலில் இழுத்துவிடப்பட்டிருந்த ஒரு படகின்மேல் அமர்ந்து நெடுநேரம் கடலைப் பார்த்திருந்தாராம். பின்னர் மீனவரின் எளிய வீடுகளைச் சுட்டி, அந்தச் சாளரங்களுள் ஒன்றின் பின்னே எக்கவலையுமின்றி வாழக் கொடுத்துவைத்தவர் யாரோ என்றாராம். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு சாளரத்தின் உட்புறமிருந்துதான் இளஞ்சிவப்புக் கடல் தீட்டப்பட்டது. இப்போது ஒருவர் வெளியே, குளிரில், அதே வீடுகளைப் பார்த்து நிற்கிறார்.

பிப்ரவரி 22ஆம் நாள் மச்சாதோ மறைந்தார். மூன்று நாட்களில் தாயும் மறைந்தார். கவிஞரின் மேலங்கிப் பையில் தம்பி கண்டெடுத்த கசங்கிய தாளில், சிறுவயதின் ஒளியை நினைந்த ஒற்றைக் கவிதைவரி இருந்தது. அந்தக் கடற்கரையில் அவருக்குக் கிடைத்த வண்ணம் அவ்வளவே.

இன்று கொலியூருக்குச் செல்வோர், மத்தீஸும் தெரேனும் நின்று தீட்டிய இடங்களில் அவ்வோவியங்களின் நகல்கள் நிறுவப்பட்டிருப்பதைக் காண்பர். சட்டங்களின் வழியே துறையை நோக்கிப் படமெடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து சிறிது நடந்தால் ஊரின் இடுகாடு. மச்சாதோவின் கல்லறையில் ஒரு அஞ்சற்பெட்டி வைக்கப்பட்டுள்ளது. அவருடைய கவிதைகளைப் படித்தவர்கள், பல நாடுகளிலிருந்தும், அவருக்கு மடல் எழுதி அதில் இட்டுச் செல்கின்றனர்.