வீடு மாறலாம், விலாசம் மாறக்கூடாது

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பத்தே நிமிடம். சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மின் அஞ்சல் விலாசம் யாருடையது?

சின்ன வயதில் நாங்கள் சிம்மக்கல்லில் வாடகைக்கு இருந்தோம். திருநகருக்கு வீடு மாறியபோது அப்பா ஒரு கட்டு அஞ்சலட்டை வாங்கிவந்து, உறவுக்காரர்கள், பாங்க், எல்.ஐ.சி. என்று எல்லோருக்கும் புது விலாசம் எழுதிப்போட்டார். அப்படியும் ஒரு கல்யாணப் பத்திரிகை பழைய வீட்டுக்குப் போய், கல்யாணம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அந்தப் பெரியம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

ஜிமெயில் மாதிரிப் பொது விலாசம் அந்த வாடகை வீடு போல. ஆள் மாறினால் ஊருக்கெல்லாம் எழுத வேண்டும். சொந்த டொமைன் அப்படியில்லை. விலாசத்தின் பின்பாதியில் நம் கம்பெனி பெயரே இருக்கும். கடிதத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ என்று யாரிடமாவது ஒப்படைத்திருக்கிறோம். சரிப்படவில்லையா, வேறொருவரிடம் கொடுக்கலாம். விலாசம் அப்படியே இருக்கும்.

நானும் இப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒருவருக்கு மெயில் ஏற்பாடு செய்து கொடுத்தவனும் நான்தான். ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன்: "தம்பி, ஆபீஸ் மெயில் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்குறியா?"

போய்ப் பார்த்தால் கணக்கையே முடக்கியிருந்தார்கள். மீட்பதற்குக் கொடுத்திருந்த செல் நம்பர், வேலையை விட்டுப்போன ஒரு பையனுடையது. பெரிய நிறுவனத்தின் சேவைதான். ஆனால் பேச ஒரு மனிதர் கிடைக்கவில்லை. சரி, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அடுத்த இடி: டொமைனே, வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. அவரைத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றி வாங்க ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் ஓசூரிலிருந்து வரவேண்டிய ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது.

"முப்பது வருசமா சம்பாதிச்ச பேரு. அது என் பேர்ல இல்லேங்கிறியே தம்பி" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டொமைன் யார் பெயரில் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சின்னக் கம்பெனிக்குத்தான் இந்தக் கதி என்று நினைத்துவிடாதீர்கள். குஜராத் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கக்கூடிய நயாரா எனர்ஜி நிறுவனத்தில், ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலை 18-இல் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. மெயில் முடங்கியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் சேவை திரும்பியது. ஆனால் அதற்குள் நம் நாட்டு ரெடிஃப் நிறுவனத்துக்கு மெயிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாறுவது அப்படி ஒன்றும் முடியாத காரியமல்ல. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் ஜோஹோவின் தளத்துக்குப் போய்விட்டன என்று 2025-இல் செய்தி வந்தது. நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறார்களே, அதே ஜோஹோதான். அதிகாரிகளின் விலாசத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. டொமைன் அரசாங்கத்துடையது. அதே ஆண்டு அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறியபோது, புது விலாசத்தை எக்ஸ் தளத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி, மாறுவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறதா, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். பதிவு நிறுவனத்துக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக்கூடாது. அது சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிற கதை. பதிவு நிறுவனத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2018 செப்டம்பரில், புகார் வந்ததென்று ஜோஹோவின் டொமைனையே அதன் பதிவு நிறுவனம் சில மணி நேரம் நிறுத்தி வைத்தது.

அடுத்து, கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு என்று எல்லா விலாசங்களையும் தாளில் எழுதி, புது இடத்தில் ஒன்று விடாமல் உருவாக்குங்கள். டி.டி.எல். என்ற நேர அளவை முதல்நாளே குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும். பிறகு எம்.எக்ஸ். பதிவை மாற்ற வேண்டும். இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை இந்த வீட்டில் கொடு என்று தபால்காரரிடம் சொல்வதுதான் அது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டையும் மறக்காதீர்கள். அவை அனுப்பியது நாம்தான் என்பதற்கு முத்திரை. இல்லாவிட்டால் உங்கள் கொட்டேஷன் குப்பைப் பெட்டியில் கிடக்கும். பழைய மெயில்களை ஐமேப் வழியாக நகல் எடுக்கலாம். தொடர்பு எண்களும் காலண்டரும் தனியாக எடுக்க வேண்டும். எல்லாம் வந்துவிட்டதென்று தெரிந்தாலும், ஒரு மாதம் பழைய கணக்கை மூடாதீர்கள்.

கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி மெயில் உங்கள் சொந்த வீடல்ல, ஹாஸ்டல் அறை. 2022 ஜூலையோடு கல்வி நிறுவனங்களுக்கான அளவில்லா இடத்தைக் கூகுள் நிறுத்தி, நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்பதை அடிப்படையாக்கியது. அதன்பின் உலகில் பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர் கணக்குகளில் கை வைத்தன. புராஜெக்ட், சான்றிதழ், நண்பர்கள் எழுதியது எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். வேலைக்கும் பாங்குக்கும் கல்லூரி விலாசத்தைக் கொடுக்காதீர்கள்.

கப்பலூர்க்காரர் இப்போது நலம். டொமைன் பதிவான தாளை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.