ஐம்பதும் ஐம்பதும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1984ஆம் ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் தொகுதியைப் பேச அழைத்தபோது வலைப்பந்தாட்டத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றிச் சொல்லுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை முன்னே பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நாங்கள் சொல்ல வந்தது ஒரு இரசாயனவியல் பரிசோதனையைப் பற்றி. நாற்பது ஆண்டுகளாக எங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த விடயம்.

1983ஆம் ஆண்டின் முதலாம் தவணை. ஹந்தானை மலை தெரியும் யன்னலோர மேசைகளில் குழுக்களாக நின்றோம். ஐம்பது மில்லிலீற்றர் நீர், ஐம்பது மில்லிலீற்றர் ஸ்பிரிட். இரண்டையும் நூறு மில்லிலீற்றர் அளவுசாடியில் ஊற்றிக் கலக்கி, வாசிப்பைக் குறிக்க வேண்டும். டீச்சர் வேறொன்றும் சொல்லவில்லை. ஐம்பதும் ஐம்பதும் நூறு என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சாடியிலோ திரவம் 97ஐத் தொட்டபடி நின்றது. ஊற்றும்போது சிந்திவிட்டோம் என்று நினைத்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மையால், 100 என்று எழுதினோம். எல்லா மேசைகளிலும் அதுதான் நடந்தது.

ஒருத்தி மட்டும் எழுதவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். சாடியை மேசையில் வைத்து, குனிந்து, பிறையுருவின் அடியைக் கண்மட்டத்தில் பார்த்து 97 என்று எழுதினாள். சாடி வெளியே சுடுவதைக் கவனித்துக் காத்திருந்து, ஆறியபின் மறுபடி பார்த்து 96½ என்று அதன் கீழே எழுதினாள். "சிந்திப்போட்டு அதையும் எழுதுறியா?" என்று நாங்கள் சிரித்தோம். "கண்டதைத்தானே எழுதச் சொன்னாங்க" என்றாள்.

அடுத்த வகுப்பில் டீச்சர் கொப்பிகளைப் பற்றிப் பேசவேயில்லை. அதே சாடிகளில் ஐம்பது நீரையும் ஐம்பது நீரையும் ஊற்றச் சொன்னார். 99½ வந்தது. சாடியின் சுவரில் ஒட்டிப் போனது அந்த அரை மில்லிலீற்றர். மீதி மூன்றையும் யாரும் சிந்தவில்லை, கலந்ததால் குறைந்தது. தூய எதனோல் என்றால் இன்னும் சற்றுக் கூடுதலாக, மூன்றரை அளவு, குறையும். நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் கோத்து நிற்பது இடைவெளி நிறைந்த ஒரு பின்னல். அதற்குள் எதனோல் மூலக்கூறு நெருங்கிப் பொருந்திக்கொள்கிறது.

இதை விளக்க, கொத்தமல்லிக்குள் கடுகைக் கொட்டினால் இடைவெளிகளில் இறங்கிவிடும் என்று சொல்வதுண்டு. நாங்களும் பிறகு ரியூஷன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். அது பாதிதான் சரி. பென்சீனையும் சைக்கிளோஹெக்சேனையும் சம அளவில் கலந்தால் கனவளவு கூடுகிறது. ஐம்பதும் ஐம்பதும் 100.6 வரை வரும். கடுகு எப்படிக் கொத்தமல்லியை வீங்கச் செய்யும்? அங்கே இரு வகை மூலக்கூறுகளுக்கும் தம் இனத்தோடு இருந்த ஈர்ப்பு கலந்தபின் தளர்ந்துபோகிறது.

எங்களில் இருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதுதான் இந்த மாற்றத்தை முறையாக அளப்பது எவ்வளவு பொல்லாத வேலை என்று விளங்கியது. அளவுசாடி இதற்குப் போதாது. இரு திரவங்களும் இடையில் இரசத்தால் பிரிந்திருக்கும் ஒரு கண்ணாடிக் கலம். மேலே மயிர்த்துளைக் குழாய். கலத்தைச் சரித்தால் உள்ளேயே கலந்துவிடும். ஆவியாகிப் போகாது, ஒட்டியும் போகாது. குழாயில் மட்டம் ஏறுவதையோ இறங்குவதையோ வாசிக்க வேண்டும். முழுக் கலமும் வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும். நூறு மில்லிலீற்றர் எதனோல் ஒரு பாகை சூடேறினாலே 0.1 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் விரியும். பென்சீன் கலவையின் குறும்பு இன்னும் பெரிது. கலக்கும்போது அது சில பாகை குளிர்ந்து சுருங்குவதால், விரிந்ததெல்லாம் மறைந்துபோகும். அவசரப்பட்டு வாசித்தவருக்கு நூறுதான் தெரியும்! (பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. இன்றைய பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) 1967இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து அதிரும் குழாய் அடர்த்திமானி விற்பனைக்கு வந்தபின் வேலை இலகுவானது. அடர்த்தியைத் திருத்தமாக அளந்தால் கனவளவு மாற்றத்தைக் கணித்துவிடலாம்.

பெண்கள் பாடசாலை மேடையில் சாராயக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள்: இந்த அளவீட்டை முதலில் வேண்டி நின்றது வரிக் கந்தோர்தான். நீர் சேர்த்தால் கனவளவு குறைகிற பொருளுக்கு எந்த அளவில் வரி போடுவது? 1790களில் பிரித்தானிய அரசுக்காக பிளாக்டனும் கில்பினும் பல கலவைகளை நிறுத்து அட்டவணை போட்டார்கள். ஆவர்த்தன அட்டவணைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1865இல், மென்டலீவ் கலாநிதிப் பட்டம் பெற்றதும் எதனோல்-நீர்க் கலவைகள் பற்றிய ஆய்வுக்கே.

2020இல், கொரோனா காலத்தில், எங்கள் தொகுதியினர் சிலர் கண்டியில் கைத்தொற்றுநீக்கி தயாரிக்க உதவினோம். உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பு: 96 வீத எதனோல் 8333 மில்லிலீற்றர், ஐதரசன் பேரொட்சைட்டு 417, கிளிசரோல் 145, பிறகு, கொதித்தாறிய நீரால் 10 லீற்றர் குறிவரை நிரப்பவும். உதவிக்கு வந்த இளம் பிள்ளை கூட்டிக் கழித்து 1105 மில்லிலீற்றர் நீரை அளந்து ஊற்றினாள். மட்டம் குறிக்குக் கீழே நின்றது. "அன்ரி, நான் பிழையா அளந்திட்டேன் போல" என்றாள் முகம் சிறுத்து. "நீ பிழை விடயில்லை, குறிவரைக்கும் ஊத்து" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தச் சொல்லை உரியவளுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

நீர்-நீர்ப் பரிசோதனைக்குப் பிறகும் நாங்கள் கொப்பியைத் திருத்தவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தோம். ஆடி வந்தது. கண்டியில் கடைகள் எரிந்தன. பாடசாலை திரும்பத் திறந்தபோது அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். வவுனியாப் பக்கம் என்று இன்னொருத்தி. சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் அவளுக்கு முகவரி இல்லை.

இந்த மலர் பல நாடுகளுக்குப் போகிறது. தங்கச்சி, நீ எங்கேயாவது இதை வாசித்தால்: எங்கள் சாடியும் 97ஐத்தான் காட்டியது. ஆறும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. சங்கத்துக்கு ஒரு வரி எழுது. உன்னுடைய கதிரையை அடுத்த ஒன்றுகூடலுக்குப் பிடித்து வைத்திருக்கிறோம்.