வாவிக்கரைத் தாய்மாருக்கு ஒரு சொல்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து மீன் பாடுவதைக் கேட்ட கதைகளோடு வளர்ந்தவர்கள் நாம். கண்ணுக்குத் தெரியாததை ஓசையால் அறிவதுதான் ஸ்கானும். கருவிலுள்ள சிசுவை இவ்வாறு படம்பிடித்து 1958இல் வெளியிட்டவர்கள் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழுவினர். அக்கருவி இன்று காட்டித்தரும் ஓர் அரிய நோயைப் பற்றியே பேச வந்தோம்.

நாடி, மயிர்த்துளைக்குழாய், நாளம் என்று விஞ்ஞான வகுப்பில் வரிசையாகப் படித்தோம் அல்லவா? சில சிசுக்களின் மூளை நடுவில் அந்த மயிர்த்துளைக்குழாய்கள் இல்லாமல், நாடிகள் நேரே நாளத்தில் திறந்துவிடுகின்றன. மடை உடைத்த வெள்ளம்போல் இரத்தம் பாய, நாளம் பைபோல் வீங்குகிறது. இதைக் கேலன் நாளக் குறைபாடு என்கிறோம். கருப்பையில் இருக்கும்வரை சூல்வித்தகமும் இரத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் இதயம் ஓரளவு தாங்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சுமை கூடி, சில நாட்களுக்குள்ளேயே இதயம் தளர்ந்துவிடலாம்.

இக்குறைபாடு 6ஆம் வாரத்துக்கும் 11ஆம் வாரத்துக்கும் இடையில் உருவானாலும், பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் தென்படுகிறது. ஆகவே, 20ஆம் வார ஸ்கான் நல்லபடி வந்தது என்பதற்காக, வைத்தியர் பின்னர் எழுதித்தரும் ஸ்கானைத் தவறவிடாதீர்கள். சாதாரண ஸ்கானில் இது கறுப்பான நீர்க்கட்டிபோல் தெரியும். கலர் டொப்ளர் வைத்தால்தான் உள்ளே இரத்தம் சுழன்றோடுவது புலப்படும். இதயம் பெருத்துள்ளதா என்பதையும் ஸ்கானில் பார்ப்போம். மூளைத் திசு பழுதடைந்துள்ளதா என்பதை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

முன்பே அறிந்தால் என்ன பயன்? எங்கே பிரசவிப்பது, யார் யார் அருகில் நிற்பது என்று திட்டமிடலாம். பிறந்தபின் மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே செலுத்தி, பிழையான இணைப்புகளை அடைக்கலாம். 2023 மார்ச்சில் பொஸ்டன் மருத்துவர்கள் 34 வாரச் சிசுவுக்கு இச்சிகிச்சையைக் கருப்பைக்குள்ளேயே செய்தார்கள். குழந்தை வீடு திரும்பியது. எல்லாச் சிசுக்களையும் காப்பாற்ற முடிவதில்லை. மூளை முன்பே பெரிதும் பழுதடைந்திருந்தால், அதையும் பெற்றோருக்கு உண்மையாகச் சொல்வது எங்கள் கடமை.

இன்னொன்று. இப்படியொரு பிள்ளை பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள்" என்று தாயைத்தான் பழிக்கிறோம். பெரும்பாலும் எவர் செயலாலும் வருவதன்று இது. அந்தப் பழிச்சொல்லை நம் வீடுகளிலிருந்தாவது அகற்றுவோம்.

படுவான்கரையிலிருந்து வாவி கடந்து கிளினிக் வரும் தாய்க்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் பெரிய விடயம். எத்தேசத்தில் வாழ்ந்தாலும், ஊரில் ஒரு தாயின் ஸ்கான் பயணத்துக்கு நம்மில் ஒருவர் துணைநிற்போம். நூறு வயதான நம் பாடசாலைக்கு அதைவிட நல்ல காணிக்கை வேறில்லை.